பாப்பா வண்டியும் பழைய புடவையும்

என் மகள் பிறந்தபோது எங்கள் இரண்டு குடும்பங்களும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமையாக இருந்தன. பிள்ளையைத் தூக்க எனக்குத் தெரியாது என்பதுதான் அது. பத்து வருடமாகப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறேன். எலும்பு, தசை, மூட்டு என்று எத்தனையோ படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். ஆனாலும் என் கையிலிருந்து பிள்ளையை வாங்கியவர்கள் எல்லோரும், கிணற்றில் விழப்போனதைத் தடுத்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் வாங்கினார்கள்.

எனக்கு வேண்டியிருந்ததோ சின்ன விஷயம். யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், என் பிள்ளையோடு, என் காலால் நடந்து வாசலைத் தாண்டிப் போக வேண்டும். மருந்துக் கடைக்கோ, சும்மா தெருமுனைக்கோ. திண்டிவனத்தில் அம்மா வீட்டில் இருந்த இரண்டரை மாதத்தில் நான் தனியாகப் போன அதிகபட்ச தூரம் குளியலறை. அதற்கும் அம்மா கதவுக்கு வெளியே நின்று, "இன்னும் இன்னாடி பண்ற, ஜல்தி வா" என்று குரல் கொடுப்பாள். ஒரு நாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவுக்குப் போன் செய்துவிட்டார்.

அப்போதுதான் போனில் தேட ஆரம்பித்தேன். பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொள்கிற பேபி கேரியரா, தள்ளிக்கொண்டு போகிற வண்டியா? வண்டியைப் பற்றிய வீடியோக்கள் பிரமாதமாக இருந்தன. மரங்கள் நிழல் தரும் நடைபாதை, ஒரு கையில் காபி, இன்னொரு கையால் வண்டி. அந்தச் சாலையில் ஒரு மாடு இல்லை, மணல் குவியல் இல்லை, காதுகுத்து பேனருக்காகக் குறுக்கே நட்ட சவுக்குக் கம்பு இல்லை. நான் திரும்பிப் போக வேண்டிய, கணவர் வீடு இருக்கிற விழுப்புரம் தெருவிலோ பாதாளச் சாக்கடைக்கு என்று தோண்டி, மூடி, மூடியதை மறந்து மறுபடியும் தோண்டியிருந்தார்கள். அதில் வண்டி நாலு வீடு போகும். ஐந்தாவது வீட்டில் பிள்ளையை இறக்கிவிட்டு வண்டியை நாம் தூக்க வேண்டும். ஆகவே கேரியர்தான் என்று முடிவு செய்தேன்.

என் கணவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறார். எதிலும் இரண்டு பக்கமும் பேசித்தான் அவருக்குப் பழக்கம். "ரெண்டுலயும் பிளஸ்ஸு இருக்கு, மைனஸ்ஸு இருக்கு" என்றார். அதைச் சொல்ல அவருக்கு இரண்டு நாள் யோசனை தேவைப்பட்டது.

முடிவெடுக்கிற அதிகாரம் எங்கள் இருவரிடமும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மாமியார் இல்லாத வீடு என்று என் கல்யாணத்தின்போது தோழிகள் பொறாமைப்பட்டார்கள். அடுத்த தெருவில் நாத்தனார் இருப்பதை அவர்கள் கவனிக்கவில்லை. கணவரைவிட எட்டு வயது மூத்தவர். பிள்ளையை மூன்றாம் மாதம் அழைத்து வரும்போது பிறந்த வீட்டிலிருந்து என்னென்ன சீர் வர வேண்டும் என்பதை அவர் என் அம்மாவுக்குப் போனில் சொன்னார்.

"தொட்டிலு கிட்டிலுலாம் வேணாம்ங்க. அது பழைய மாடலு. பாப்பா வண்டியா வாங்கிக் குடுத்துடுங்க. விசேஷ வீடியோல பாக்க நல்லா இருக்கும்."

வீடியோ என்றதும் அம்மா மசிந்துவிட்டாள். திண்டிவனம் கடைத்தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி, இருந்ததிலேயே பெரிய வண்டியாக ஒன்று வாங்கினாள். நீலக் கலர், மேலே குடை, முன்னால் ஒரு மணி. நான் கேரியர் பேச்சை எடுத்தபோது, "பையில போட்டுக்கினு போறதுக்கு அது இன்னா கத்திரிக்காயா?" என்றாள். அதற்கு மேல் அவளிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை.

பழத்தட்டு, வளையல் தட்டு, லட்டுத் தட்டு எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த வண்டி விழுப்புரம் வீட்டுக்குள் வந்தது. பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எதையும் பிரிப்பதில்லை. சோபாவுக்குக் கவர், டிவி ரிமோட்டுக்குக் கவர். புதுசாக வாங்கியது புதுசாகவே செத்துப்போக வேண்டும் என்பது எங்கள் கொள்கை. வீடியோக்காரர் விளக்கைப் பிடித்தார். பிள்ளையைப் படுக்க வைக்க நான் குனிந்தேன். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு இரு. வெறும் வண்டில புள்ளையப் போடுவாங்களா? மொதல்ல கொழவிக் கல்லப் போடணும்."

தொட்டிலில் பிள்ளையைப் போடுவதற்கு முன்னால் அம்மிக் குழவியைத் துணியில் சுற்றிப் படுக்க வைத்து எடுப்பது வழக்கம்தான். ஆனால் அது உத்தரத்தில் கட்டிய தூளிக்கான வழக்கம். தொட்டில் பழைய மாடல் என்று தள்ளியவர்கள், அதன் கல்லை மட்டும் விட மனசில்லாமல் வண்டிக்குள் கொண்டுவந்தார்கள். அதிலும் ஒரு சிக்கல். எங்கள் வீட்டில் மிக்சி வந்த பிறகு அம்மி இல்லை. தெருவிலேயே யார் வீட்டிலும் இல்லை. நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. எதிர் வீட்டுத் தோட்டத்தில் ஆட்டுக்கல் ஒன்று கிடந்தது. அதன் குழவியை இரண்டு ஆண்கள் சேர்ந்து தூக்கி வந்தார்கள். மூன்று மாதப் பிள்ளையைப்போல நாலைந்து மடங்கு எடை இருக்கும். அதைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, என் மகளுக்கு எடுத்த பட்டுத்துணியைச் சுற்றினார்கள்.

"இது தாங்காதுங்க" என்று நான் சொன்னேன். நான் அறிவியல் ஆசிரியை என்பது அந்த இடத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கல்லை வண்டியில் வைத்தார்கள். ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை. நாத்தனார் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு முன்கால் இரண்டும் உள்பக்கமாக மடங்கின. கல் உருண்டு போய் லட்டுத் தட்டில் உட்கார்ந்தது. வண்டியிலிருந்த மணி ஒருமுறை அடித்தது. வீடியோக்காரர் அத்தனையையும் எடுத்தார். இன்றுவரை சொந்தக்காரர்கள் வந்தால் நாங்கள் கல்யாண வீடியோவைப் போடுவதில்லை, அதைத்தான் போடுகிறோம்.

எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. "புள்ளைக்கு வர இருந்தது வண்டியோட போச்சி" என்று நாத்தனார் அறிவித்தார். அதோடு விட்டிருக்கலாம். "கொஞ்சம் நல்லதா பாத்து வாங்கியிருக்கலாம்" என்றும் சேர்த்துக்கொண்டார். அம்மா குனிந்து, தரையில் சிதறிய லட்டுகளைப் பொறுக்கினாள்.

மறுநாள் கணவர் வண்டியை இரும்பு கேட், கிரில் செய்கிற பட்டறைக்கு எடுத்துப் போனார். பட்டறைக்காரர்கள் நேர்மையானவர்கள். இரும்பு கேட்டைப் பற்ற வைக்கிற மாதிரியே பற்ற வைத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வண்டி மடங்கவில்லை. எந்தக் கதவுக்குள்ளும் நுழையவும் இல்லை. தள்ளினால் இடது பக்கம் மட்டும் போகும். வாசல் வராந்தாவில் நிறுத்தி, துவைத்த துணிகளை அதில் போட்டு வைத்தோம். அதுவும் கவரைப் பிரிக்காமல்தான்.

நான் யாருக்கும் சொல்லாமல் கேரியரை ஆர்டர் செய்தேன். வந்தது. மெத்தைபோலத் தடித்த பட்டைகள், முன்னால் நாலு கொக்கி, பின்னால் ஒரு கொக்கி. அந்தப் பின் கொக்கியைத் தானே மாட்டிக்கொள்ள மனிதக் கை இன்னும் ஒரு மூட்டு நீளமாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் அதை மாட்டிய ஐந்தாவது நிமிடம் நானும் பிள்ளையும் இட்லிபோல வெந்துவிட்டோம். நாத்தனார் வந்து பார்த்தார்.

"இன்னா இது கோலம்? கட்டட வேலைக்குப் போறவ மாரி கட்டிக்கினு நிக்கிற?"

இதே நாத்தனாரோடு நான் கர்ப்பமாக இருந்தபோது திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போயிருந்தேன். வழியில் வானூர் தாண்டி ஒரு வெள்ளைக்காரப் பெண் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் போனாள். "எவ்ளோ ஸ்டைலா தூக்கிக்கினு போறா பாரு" என்று பஸ் ஜன்னலில் தலையை விட்டுப் பார்த்தவர் இவர்தான். ஆக, துணி ஒன்றுதான். அதற்குள்ளே நிற்கிற தோலின் நிறத்தைப் பொறுத்து ஸ்டைல் ஆகும், இல்லையென்றால் சித்தாள் வேலை ஆகும். இதை எனக்குள் சொல்லிக்கொண்டபோது நான் ரொம்பப் பெரிய மனுஷியாக உணர்ந்தேன். என்னிடம் அந்தப் புத்தி கிடையாது என்று முழுசாக நம்பினேன்.

பக்கத்து மனையில் உண்மையாகவே கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. வானூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். அவளுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். மகன் என் மகளைவிட ஒரு வாரம் மூத்தவன். நான் பின்பக்கம் நின்று கொக்கியோடு மல்லுக்கட்டுவதை மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, அத வுடுங்க. பேஜாரு புடிச்சது. பழைய பொடவ இருக்குதா?"

மகப்பேறு முடிந்து அம்மா வீட்டில் கட்டிய நூல் புடவை ஒன்று இருந்தது. கொடுத்தேன். நீளவாக்கில் மடித்தாள். ஒரு தோளுக்கு மேலே, மறு கைக்கு அடியில், முதுகில் குறுக்கே கொண்டுவந்து, இழுத்து, தோளருகே ஒரு முடிச்சு. பிள்ளையை உள்ளே வைத்துத் தலைக்குத் துணியைச் சரி செய்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் மகள் கொட்டாவி விட்டுத் தூங்கிவிட்டாள். "மூக்கு வெளிய தெரியணும், தாவாங்கட்ட நெஞ்சில இடிக்கக் கூடாது. அவ்ளோதான் அக்கா" என்றாள்.

அன்று சாயங்காலம் தனியாகத் தெருமுனை வரைக்கும் நடந்து போனேன். தோண்டிப்போட்ட பள்ளத்தைத் தாண்டினேன். பெட்டிக்கடையில் ஒரு பன்னீர் சோடா வாங்கி, நின்றபடியே குடித்தேன். கடைக்காரர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கடந்த மூன்று மாதத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். சில நாட்கள் அவளும் தன் மகனைக் கட்டிக்கொண்டு கூட வந்தாள்.

பதினாலாவது வாரத் தடுப்பூசி வந்தது. கணவருக்கு வங்கியில் தணிக்கை. "வண்டி இருக்கே, அதுல தள்ளிக்கினு போ" என்று நாத்தனார் யோசனை சொன்னார். பக்கத்து மனைப் பெண்ணுக்கும் தன் மகனுக்கு அதே ஊசி போட வேண்டியிருந்தது. பாதி நாள் கூலி போனால் போகட்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு பேரும் பிள்ளைகளை ஒரே மாதிரி கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் சுகாதார நிலையத்துக்குப் போனோம். தாழ்வாரத்தில் கூட்டம். அவள் முந்திப் போய் எங்கள் இருவருக்கும் வரிசையில் இடம் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் நான்.

அட்டைகளை வாங்க வந்த நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த சைட்டும்மா நீங்க ரெண்டு பேரும்? இங்க நிக்காத, அங்க போய்க் கீழ குந்து. கூப்புடும்போது வரணும்."

அவள் உடனே போய்த் தரையில் உட்கார்ந்தாள். எனக்கு முகம் ஜிவ்வென்று சூடாகிவிட்டது. நாத்தனாரைப் பற்றி நான் யோசித்து வைத்திருந்த நியாயமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. யாரும் கேட்காமலே என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நான் டீச்சர்ங்க. எம்.எஸ்சி., பி.எட்."

பி.எட். வரைக்கும் சொன்னேன்.

"அய்ய, மேடம்! மொதல்லயே சொல்லக் கூடாதா? இப்பிடிக் கட்டிக்கினு வந்தா எனக்கு எப்பிடித் தெரியும்? உள்ள வாங்க, சேர்ல ஒக்காருங்க" என்று நர்ஸ் கதவைத் திறந்தார்.

இவளும் என்னோடு வந்தவள், எனக்கு முன்னால் நின்றவள் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. நான் உள்ளே போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். மின்விசிறிக்குக் கீழேதான் போட்டிருந்தார்கள். என் மகளுக்குத்தான் அடுத்த ஊசி. வெளியே வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "பாப்பா ரொம்ப அழுவுறா, நான் கெளம்பறேன்" என்றேன். "போங்க" என்று தலையை ஆட்டினாள். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் வெட்கம் வந்தது. இறங்கித் திரும்பிப் போகிற அளவுக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் அவள் செங்கல்லுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மகன் கொட்டகைத் தூளியில் அழுதுகொண்டிருந்தான். மதிலோரம் என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். கோபம் இருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முகத்தில் அதுவும் இல்லை.

"பாப்பாவுக்கு ஜுரம் அடிக்குதுங்களா?"

"லேசா. உன் பையனுக்கு?"

"இவனுக்குப் போடலிங்க. டைம் முடிஞ்சிடிச்சாம். அடுத்த புதங்கெழம வரச் சொல்லிட்டாங்க, மேடம்."