பூட்டிய வீட்டுக்குச் சைபர்

அறிக்கையில் அந்தப் பத்தியை அடித்து நீக்கியது நீங்கள்தான். பிறகு பழியை அந்தப் பெண்ணின் தலையில் போட்டதும் நீங்கள்தான். டெங்கு ஆய்வுத் திட்டத்துக்குத் தலைவராக வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்தவரைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். உங்களுக்குத் தெரியும்.

செக்காலைப் பக்கம் ஒரு தெருவில் பெரிய வீட்டுச் சுவரில் நீலக் கிரையானால் 'பூட்டு' என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்து. ஓட்டுச் சரிவின் கீழே இருப்பதால் மழை படவில்லை, அழியவில்லை. வீடு வீடாகப் போய்த் தொட்டியிலும் குடத்திலும் கொசுப்புழு பார்ப்பது என் வேலை. எங்கள் ஊரில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கும். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் சொந்தக்காரர்கள் வந்து திறப்பார்கள். படிவத்தில் புழு எத்தனை என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் மேற்பார்வையாளர் வாங்க மாட்டார். ஆகவே சுவரில் 'பூட்டு' என்று எழுதிவிட்டு, கட்டத்தில் சைபர் போட்டுவிடுவோம். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். நானும் பல வருஷம் செய்தேன்.

நீங்கள் பழி போட்ட அந்தப் பெண்ணை நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். மேடம் என்னோடு தெருவில் நடக்க வந்தது அந்தப் படிவங்களுக்காகத்தான். இயற்பியல் படித்தவள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். காய்ச்சலுக்கும் பிசிக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"இரும்புக் கம்பியில ஒரு முனையச் சுட வச்சா, சூடு அடுத்த முனைக்கு எப்பப் போகும்னு கணக்குப் போடலாம்லக்கா? அது மாதிரிதான். வைரஸ் ஆளுகிட்ட இருந்து கொசுவுக்குப் போகுது, கொசுகிட்ட இருந்து ஆளுக்கு வருது. எத்தனை ஆளு, எத்தனை கொசு, எவ்வளவு தூரம்னு தெரிஞ்சா அடுத்து எந்தத் தெருன்னு சொல்லலாம்."

"அப்ப சோசியம் பாக்குறீகன்னு சொல்லுங்க."

சிரித்தாள். "சோசியம் தப்பாப் போச்சுன்னா நேரம் சரியில்லைன்னு சொல்லிருவாக. என் கணக்குத் தப்பாப் போச்சுன்னா எங்க தப்புன்னு நாந்தான் தேடணும்."

தப்பாகத்தான் போனது. இந்தப் பக்கத்து வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். வரிசையாக மூன்று வீடு பூட்டிக் கிடந்தால் நடுவில் ஒரு பொட்டல் கிடந்த மாதிரி. வாட்ச்மேனைத் தவிர ஆள் இல்லை, புழுவும் சைபர். அதனால் காய்ச்சல் முன்தெருவோடு நின்றுவிடும் என்றது அவள் கணக்கு. பத்து நாளில் பின்தெருவில் காய்ச்சல். அவள் படிவங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் தூக்கி, "உள்ள போய்ப் பாத்துட்டா சைபர் போட்டீக, அக்கா?" என்று கேட்டாள். அந்த மூன்றில் ஒன்றான, நான் 'பூட்டு' என்று எழுதிய பெரிய வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போனேன்.

அந்த வீட்டு வாட்ச்மேன் பின்கட்டில் ஒற்றை ஆளாக இருந்தவர். "வீட்டுக்கார ஆச்சி சென்னையில இருக்காக தாயி. அவுக சொல்லாமத் திறக்க மாட்டேன்" என்றார்.

"கொசு மட்டும் ஆச்சிகிட்டக் கேட்டுட்டா உள்ள போகுது?" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆச்சிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுச் சாவியை எடுத்தார். "இங்குட்டு வாங்க. அங்குட்டுப் பாசி, வழுக்கும்." முற்றத்தில், போன கல்யாணத்துக்குச் சமைத்த அண்டாக்கள் வரிசையாக மழைத்தண்ணீரோடு நின்றன. டார்ச் அடித்தேன். தண்ணீர் முழுக்கப் புழு நெளிந்தது. நான் சைபர் போட்ட வீடு அது. மேடம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கே மூவரும் அண்டாக்களைக் கவிழ்த்தோம். மூன்று வீட்டில் ஒரு வீட்டுக்குத்தான் சாவி கிடைத்தது. பூட்டிய வீட்டைச் சைபர் என்று எடுக்கக் கூடாது, தெரியாத இடம் என்று எடுக்க வேண்டும், மழைக்காலத்தில் அதுதான் ஆபத்தான இடம் என்று அவள் கணக்கைத் திருத்தினாள். ஒரு வாரம் உட்கார்ந்து செய்து, அறிக்கையில் அதை ஒரு பத்தியாக எழுதினாள். அவளோடு பேச ஆள் கிடையாது. நீங்கள் மாதம் ஒருமுறை வருவீர்கள். ஒற்றை அறை, லேப்டாப், ஓட்டல் பார்சல், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை குன்றக்குடி மலையேறி உட்கார்ந்துவிட்டு, டவுன் பஸ்ஸில் தனியாகத் திரும்புவாள். என் வீட்டுக்கு வாங்க என்று நான் ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்லை. என் வீட்டிலும் நான் ஒருத்திதான்.

"அளக்காததை எழுதக் கூடாது" என்று சொல்லி அந்தப் பத்தியை நீங்கள் அடித்தீர்கள். சைபரை மட்டும் யார் அளந்தார்கள்? அது நான் வெளியே நின்று எழுதியது. இனிப் பரவாது என்று அறிக்கை போனது. மருந்து அடிக்கும் ஆட்களை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். சாவி கிடைக்காத இரண்டு வீட்டில் ஒன்றைக் கல்யாணத்துக்குத் திறந்தார்கள். வந்த சொந்தக்காரர்களில் பலபேர் காய்ச்சலோடு ஊர் திரும்பினார்கள். பந்தல் வேலைக்கு உதவப் போன அந்த வாட்ச்மேன் காய்ச்சலில் படுத்து, வீடு திரும்பவே இல்லை. ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தது மேடம் மட்டும்தான்.

அதற்குப் பிறகு காய்ச்சலைப் பற்றி நடந்த கூட்டத்தில் நீங்கள் மைக்கைப் பிடித்து, "கணக்குப் போட்ட பெண்ணுக்கு அனுபவம் போதாது" என்றீர்கள். அவள் எழுந்து, "சார், அந்தப் பத்தி..." என்றாள். உட்காரச் சொன்னீர்கள். கடைசி வரிசையில் நான் இருந்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் காண்டிராக்ட் வேலை. தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு வேலையை நீட்டிக்கவில்லை. ஸ்டேஷனுக்கு வழியனுப்பக்கூட நான் போகவில்லை. இப்போது போன் போட்டால் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

நேற்று வேலை முடிந்து வந்தால், என் வீட்டுச் சுவரிலேயே நீலக் கிரையானில் 'பூட்டு' என்று இருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் எழுதியிருக்கிறாள். படிவத்தில் என்ன போட்டாய் என்று கேட்டேன். "சைபர்தான்க்கா" என்றாள்.

இந்த மழைக்கு முன்னால் மறுபடி கூட்டம் நடக்கும். பொதுமக்களும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். உள்ளே போகாமல் சைபர் போட்டது நான் என்று முதலில் நானே எழுந்து சொல்வேன், வேலை போனால் போகட்டும். அதற்குப் பிறகு நீங்கள் எழுந்திருங்கள். அவள் எழுதிய பத்தியை ஏன் அடித்தீர்கள்? அதே மைக்கில், எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.