மார்லூஸ் எழுதிய மூன்று வரி

அந்தப் பெண் முதன்முதலில் எங்கள் வாசலில் வந்து நின்றபோது அறை இருக்கிறதா என்று கேட்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒம்பது நிமிஷம். படியையும் சேர்த்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"ஓட்டப்பந்தயமா? இங்க கோப்பை எதுவும் கொடுக்கறதில்ல" என்றார் எங்கள் சின்யோரா.

சின்யோரா எர்ஸீலியா கனேபாதான் ஜெலிந்தா விடுதியின் சொந்தக்காரர். ஜெனோவாவில் பிரின்சிப்பே ரயில் நிலையத்துக்குக் கீழே, துறைமுகத்தைப் பார்த்த பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எட்டு அறைகள். அங்கே படுக்கை விரிப்பது, தரை துடைப்பது, காலையில் காபி ஊற்றுவது எல்லாம் நான். என் பெயர் ஒர்னெல்லா. சொல்வது 1996 ஏப்ரல் மாதக் கதை.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். நெட்டையான உடம்பு, தேய்ந்த காலணி. பெயர் மார்லூஸ் பூன்ஸ்ட்ரா, ஹாலந்துக்காரி. ஒரே ஓர் இரவு தங்கினாள். மறுநாள் ஆறாம் எண் அறைக்குள் போன எனக்குத் திக்கென்றது. மெத்தை புரட்டிப் போடப்பட்டிருந்தது. இழுப்பறைக்குள் விரித்திருந்த காகிதத்தைக்கூடத் தூக்கிப் பார்த்திருந்தாள். குளியலறைக் குழாயடியில் ஈரக்கை வைத்த ஒரு தாள் கிடந்தது: "வெந்நீர், நாற்பது விநாடி."

"சின்யோரா, திருடியா இருக்குமோ?"

"திருடி எதுக்குடி வெந்நீரை எண்ணறா? நகராட்சி ஆளு. வரியை ஏத்தப் போறாங்க பாரு."

நகராட்சியும் இல்லை, திருடியும் இல்லை. அடுத்த வசந்தத்தில் ஹாலந்துக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மஞ்சள் அட்டைப் புத்தகம், எழுதியவள் பெயர் மார்லூஸ் பூன்ஸ்ட்ரா. கொஞ்சக் காசில் இத்தாலிய நகரங்களைச் சுற்றிப் பார்ப்பவர்களுக்கானது. ஒருவர் பக்கத்தைப் பிரித்து எங்களுக்குப் படித்துச் சொன்னார். மொத்தம் மூன்று வரி. "ஜெலிந்தா: சுத்தம், அமைதி, கொடுக்கும் காசுக்கு மேலேயே கிடைக்கும். ஆறாம் எண் அறையைக் கேளுங்கள், கட்டிலில் படுத்தபடி கப்பல் பார்க்கலாம். சொந்தக்காரர் சிரிக்கமாட்டார், காபி நன்றாக இருக்கும்."

"நான் எங்கடி சிரிக்காம இருந்தேன்?" என்று சின்யோரா இரண்டு நாள் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதன்பிறகு எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. எல்லாருக்கும் ஆறாம் எண்தான் வேண்டும். காசு விஷயத்தில் ஜெனோவாக்காரர்களைப் பற்றி மற்ற ஊரார் சொல்வது பொய்யில்லை. சின்யோரா எங்களிலேயே கெட்டி. ஒரு தச்சனைக் கூப்பிட்டு ஆறாம் அறையின் நடுவே பலகைத் தடுப்பு போட்டார். தடுப்பு நேராக ஜன்னலின் நடுவில் போய் முட்டியது. இந்தப் பக்கத்துக்கு ஜன்னலின் ஒரு கதவு, அந்தப் பக்கத்துக்கு இன்னொன்று. ஒருவருக்குக் கப்பலின் முன்பாதி, மற்றவருக்குப் பின்பாதி. வாடகையும் ஏறியது. பேக்கரியிலிருந்து சூடாக வாங்கி வந்த ஃபொக்காச்சா ரொட்டி நின்று, பிளாஸ்டிக் உறையில் வந்த பன் மேசைக்கு வந்தது.

இரண்டு வருடம் கழித்து மார்லூஸ் திரும்பி வந்தாள். இந்த முறை சின்யோராவுக்கு ஆள் தெரிந்துவிட்டது. தங்க விளிம்பு வைத்த கோப்பைகள் வெளியே வந்தன.

"உங்ககிட்ட காசு வாங்கினா என் கை அழுகிடும், சின்யோரினா."

"வாங்கலேன்னா என் வேலை போயிடும், சின்யோரா. ஓசியில தங்கி எழுதக் கூடாது."

தடுப்பு போட்ட ஆறாம் அறையின் ஒரு பாதியில் தங்கினாள். காலையில் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஒரு ஜன்னலை ரெண்டா வெட்டியிருக்கீங்க. அதைப் புத்தகத்துல எப்படி எழுதறது?"

"எழுதுங்களேன், ஒண்ணுக்கு ரெண்டு அறைன்னு."

மார்லூஸ் கணக்கைத் தீர்த்துவிட்டுக் கிளம்பினாள். அடுத்த பதிப்பில் நாங்கள் இல்லை. வந்த கூட்டம் வந்த வேகத்திலேயே வடிந்தது. ஆறு நாள் வேலை எனக்கு மூன்று நாளானது. மீதி நாள்களில் மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தின் படிகளைத் துடைத்தேன். வாளியைத் தூக்கும்போதெல்லாம் அவளைத் திட்டினேன். கொடுத்ததும் மூன்று வரி, பிடுங்கியதும் மூன்று வரி.

2000 அக்டோபர். படகுக் கண்காட்சி நடந்த வாரம், ஊரே பிதுங்கி வழிந்தது. கடலிலிருந்து மழைக்காற்று. நான் சலவைக்குப் போட்ட போர்வைகளை வாங்கிக்கொண்டு எங்கள் சந்தின் கற்படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலை தொப்பலாக நனைந்திருந்தது. மடியில் நோட்டுப் புத்தகம், கையில் பேனா, ஒரு பாதம் கோணிக்கொண்டு கிடந்தது.

"மார்லூஸா?"

"ஒண்ணுமில்ல ஒர்னெல்லா. அடுத்த ஹோட்டல் நாலு நிமிஷம்தான். கொஞ்சம் தூக்கி விடு, போதும்."

தூக்கி விட்டேன். அலறிக்கொண்டு என் மேலேயே சாய்ந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனையில் மாவுக்கட்டு போட்டு, மூன்று வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார்கள். அங்கிருந்தே அவள் தன் நோட்டைப் பார்த்து இருபது ஹோட்டலுக்குத் தொலைபேசியில் கேட்டாள். எங்கும் இடமில்லை. ஊரிலேயே காலியாக அறை வைத்திருந்தது ஜெலிந்தா ஒன்றுதான்.

கதவைத் திறந்த சின்யோரா மாவுக்கட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தத் தடவை எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"முழு வாடகையும் கொடுத்துடறேன், சின்யோரா."

"பின்னே? சும்மா தங்கலாம்னு வந்தீங்களா?"

அவளைப் படுக்க வைத்தது, முன்பு தங்கின அதே அரை அறையில்.

சும்மா படுப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. முதல் நாள் பரவாயில்லை. இரண்டாம் நாளே கட்டிலின் தலைமாட்டைச் சுவரை விட்டு நகர்த்தச் சொன்னாள். மறுநாள் கால்மாட்டை. அப்புறம் குறுக்காக. ஒரு வாரத்தில் நான்கு தடவை அந்தக் கட்டிலை இழுத்தேன். குழாய் சொட்டுகிறது, நிமிடத்துக்கு முப்பத்தொன்று என்றாள். அலமாரிக்குள் பாச்சை உருண்டை நாறுகிறது என்றாள். ஊன்றுகோல்களோடு தாழ்வாரத்தில் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் டக் டக்கென்று போய் வந்தாள். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.

"பதினாறு வருஷமா ஒரு கட்டில்ல ரெண்டு நாள் படுத்ததில்ல" என்றாள் என்னிடம். "ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினஞ்சு ஹோட்டல். ஊர்ல எனக்குன்னு ஒரு வீடு இருக்கு. அங்க போனாலும் சோபாவுலதான் தூங்குவேன்."

சின்யோரா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "கட்டில் மேல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் உன் மேலதான்" என்றார். அன்று தொடங்கி அவளை 'நீ' என்றே கூப்பிட்டார்.

எனக்கும் கேட்க ஒன்று இருந்தது. போர்வையை உதறிக்கொண்டே கேட்டேன்: "உன்னால எனக்கு மூணு நாள் வேலை போச்சு. தெரியுமா உனக்கு?"

அவள் முகம் மாறியது. "தெரியாது" என்றாள். கொஞ்ச நேரம் மாவுக்கட்டைச் சுரண்டினாள். "என் அம்மா துணி தைச்சவ. ஒரே ஒரு தடவை என்னையும் தம்பியையும் பாரிசுக்குக் கூட்டிப் போனா, நாலு நாள். யாரோ நல்லா இருக்குன்னு சொன்ன ஹோட்டல். மெத்தை பூராவும் மூட்டைப்பூச்சி. மாத்தக் காசில்ல. நாலு நாளும் நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டே தூங்கினா. அதுக்கப்புறம் அவ எங்கேயும் போகல. செத்தும் போயிட்டா. என் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வர்றவங்க எல்லாம் அந்த மாதிரிதான், ஒர்னெல்லா. அவங்ககிட்ட நான் எப்படிப் பொய் சொல்றது?"

அவள் சொன்னது நியாயம்தான். அதற்காக என் கோபம் தீர்ந்துவிடவில்லை. போர்வையை மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாம் வாரம் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெல்ஜியத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர்களிடம் இருந்தது பழைய பதிப்பு, நாங்கள் இருந்த புத்தகம். அவர்கள் பேசிய டச்சு எனக்குப் புரியாது, மார்லூஸுக்கு அதுதான் தாய்மொழி. பலகை வழியாக ஒவ்வொரு சொல்லும் வந்து விழுந்ததாம். படுத்தபடி கப்பல் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறதே, எங்கே கப்பல் என்று மனைவி கேட்கிறாள். எழுந்து நின்று தலையைச் சாய்த்தால் தெரியும் என்கிறான் கணவன். பணத்தைச் சேர்த்துப் பதினோரு மாதம் காத்திருந்தது இதற்குத்தானா என்று அவள். நானா எழுதினேன் என்று அவன் கத்துகிறான். அப்புறம் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும்.

நான் காபித் தட்டோடு உள்ளே போனபோது மார்லூஸ் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் கத்தியால் தடுப்பின் திருகாணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சின்யோரா!" என்று கத்திவிட்டேன்.

சின்யோரா ஓடி வந்தார். "அடி பாவி! என் சொத்தை உடைக்கறியா?"

"இந்தப் பலகை இருக்கற வரைக்கும் நான் பொய்க்காரி, சின்யோரா. நான் எழுதினதை நம்பி வந்தவ அங்க அழுதுக்கிட்டு இருக்கா."

"உன் பொய்க்கு என் சுவரா பலி? இதுக்கு எவ்வளவு கொடுத்தேன் தெரியுமா?"

"பாதியாக்கின ரெண்டு அறையும் பாதி நாள் காலியாத்தானே கிடக்கு?"

கத்தி வழுக்கி மார்லூஸின் விரலைக் கீறியது. துடைத்துவிட்டு மறுபடி சுற்றினாள். சின்யோரா கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குப் போய் ஒரு திருப்புளியோடு வந்தார்.

"வெண்ணெய்க் கத்தி வளைஞ்சுடும். இதை எடு. நல்லாக் கேட்டுக்க, நீ சொன்னதுக்காக இல்ல. போட்ட நாள்ல இருந்தே இந்தப் பலகை என் கண்ணை உறுத்துது."

மூன்று பேரும் சேர்ந்து கழற்றினோம். கடைசிப் பலகை சாய்ந்தபோது அந்தப் பக்கம் பெல்ஜியக்காரர்கள் கட்டிலில் அருகருகே உட்கார்ந்து எங்களை வெறித்துப் பார்த்தார்கள். மனைவியின் கண் சிவந்திருந்தது. நடுவில் ஜன்னல் முழுசாகத் திறந்துகொண்டது. வெளியே சார்டினியாவுக்குப் போகும் கப்பலில் லாரிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மார்லூஸ் அவர்களிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "மன்னிச்சுக்கச் சொன்னேன். எழுதினது நான்தான்னு சொன்னேன்" என்றாள்.

அந்தப் பெண்மணி எழுந்து வந்து பலகையின் ஒரு முனையைப் பிடித்தாள். தாழ்வாரத்துக்குக் கொண்டுபோக உதவினாள்.

ஆறாம் எண் முழுவதும் அவர்களுக்கு. மார்லூஸ் லிஃப்டை ஒட்டிய இரண்டாம் எண்ணுக்கு மாறினாள். அங்கே ஜன்னலைத் திறந்தால் நாலு சுவருக்கு நடுவே ஒரு காற்றுக்கூண்டுதான். யார் எந்த மாடிக்குப் போனாலும் சுவர் அதிரும். மீதி நாள்களில் அவள் தூங்கினாளா என்று தெரியாது. குறை மட்டும் சொல்லவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று காலை மேசையில் சண்டை வந்தது.

"அடுத்த பதிப்புல சேர்த்துடறேன்" என்றாள் மார்லூஸ்.

"வேண்டாம்" என்றார் சின்யோரா. "நீ எழுதுவே. கூட்டம் வரும். நான் மறுபடி தச்சனைக் கூப்பிடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

"நல்ல இடம்னு தெரிஞ்சும் எழுதாம இருக்க எனக்கு வராது."

"என் வீடு. எழுத வேண்டாம்னா வேண்டாம்."

இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. காபிப் பாத்திரத்தை மேசையில் ணங்கென்று வைத்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் என்னமோ பண்ணுங்க. எனக்கு வாரத்துக்கு ஆறு நாள் வேலை வேணும். இல்லேன்னா இப்பவே சொல்லுங்க, மீன் சந்தைப் பக்கம் முழு நேரமாப் போயிடறேன்."

சின்யோரா என்னைப் பார்த்தார். நான் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பன்னின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார், முகர்ந்து பார்த்தார், தள்ளி வைத்தார்.

"சரி, எழுதட்டும்" என்றார். "தச்சனோட போன் நம்பரை மட்டும் ஒர்னெல்லா கிழிச்சுப் போட்டுடட்டும்."

இன்னொரு வாரம் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். மார்லூஸ் அன்று மதியமே லா ஸ்பெட்ஸியா ஊருக்குப் போகும் ரயிலைப் பிடித்தாள், நொண்டிக்கொண்டே.

புத்தகத்தில் திரும்ப வந்தோம். ஆறு நாள் வேலையும் எனக்குத் திரும்பி வந்தது. தடுப்பு மறுபடி எழவில்லை; வாடகையை மட்டும் சின்யோரா மெல்ல மெல்ல ஏற்றத்தான் செய்தார். சில வருடங்களில் எல்லாரும் கணினியிலேயே அறை தேடிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அந்தப் பதிப்பகம் மஞ்சள் புத்தகத்தை நிறுத்தியது. 2009இல் சின்யோரா இறந்தார். வாரிசுகள் மாடியை ஒரு பல் மருத்துவருக்கு விற்றார்கள். நான் பிரிஞோலே ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் சேர்ந்தேன். ஐம்பத்திரண்டு அறைகள். தங்குபவர்கள் முகம்கூட எனக்குத் தெரியாது.

வேலை போன பிறகும் மார்லூஸ் சுற்றுவதை விடவில்லை. பில்பாவோ, லூப்லியானா, போர்ட்டோ என்று ஒவ்வோர் ஊரிலிருந்தும் படம் போட்ட அஞ்சலட்டைகள் வரும். எல்லாவற்றிலும் ஒரே அவசரக் கையெழுத்து, பாதி புரியாது. போன மே மாதம் வந்ததில் ஒரு கேள்வி இருந்தது. அவள் தம்பி மகள் மூன்று பிள்ளைகளோடு சவோனா போகிறாளாம், கையில் அதிகக் காசில்லையாம். சுத்தமான இடம் ஏதாவது எனக்குத் தெரியுமா?

தெரியாது என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. விடுமுறை நாளில் ரயிலேறி சவோனா போய் நான்கு இடம் பார்த்தேன். ஒன்றில் படிக்கட்டு இருட்டு. ஒன்றில் கீழே மதுக்கடை. ஒன்றில் சொந்தக்காரர் என்னை உள்ளேயே விடவில்லை. நான்காவதில் ஒரு வயதானவர் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மூன்று என்றதும், "சத்தம் போடுவாங்களா?" என்று கேட்டார்.

"போடுவாங்க" என்றேன்.

"அப்ப பின்பக்க அறையைக் கொடுக்கறேன், தோட்டம் இருக்கு" என்றார். போய்ப் பார்த்தேன். எலுமிச்சை மரம் ஒன்று நின்றது, கொடியில் துணி காய்ந்தது. திரும்பும் ரயிலில் மடியில் வைத்தே மார்லூஸுக்கு எழுதினேன். மூன்று வரி போதவில்லை, பக்கம் நிறைந்து பின்புறமும் ஓடியது.