சேவலுக்கு அடுத்த ஏலம் எனக்கு

குடும்ப நீதிமன்றத்தில் பிள்ளைகளை ஏலம் விடுவார்கள் என்று எட்டு வயதில் நான் உறுதியாக நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள், காத்திருக்கிறேன்.

அந்த வயதில் எனக்குத் தெரிந்த ஏலம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் பரிசுத்தமான ஏலம். காக்ஸ் டவுனில் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை அன்று, ஆராதனை முடிந்ததும், ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காய், வாழைத்தார், கேக், கோழி எல்லாவற்றையும் ஆலயத்து வளாகத்தில் மரத்தடியில் வைத்து ஏலம் போடுவார்கள். போடுகிறவர் என் தாய்மாமா. வருஷம் முழுக்க ஆபீசில் 'எஸ் சார்' தவிர வேறு வார்த்தை பேசாத மனிதர், அன்று கையில் மைக் வந்ததும் வேறு ஆளாகிவிடுவார். பூசணிக்காயைத் தட்டி, 'உள்ளே தேன்' என்பார். முந்தைய நாள் சுட்ட கேக்கை மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று அவர் இழுக்கும்போது, கையில் காசே இல்லாத நானும் கையைத் தூக்கப் போவேன்.

இப்போது மாமாவுக்கு வயதாகிவிட்டதால் அந்த மைக் என்னிடம் வந்திருக்கிறது. வாய் நீளமானவனுக்குக் கொடுக்கப்பட்ட தண்டனை அது. இன்னமும் மூன்றாம் தரத்தைச் சட்டென்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. காரணம் ஒரு சேவல்.

எனக்கு எட்டு வயதான அந்த வருஷம் ஏலத்துக்குச் சிவப்புச் சேவல் ஒன்று வந்தது. காலைச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்ததில் அது நொண்டியது. மற்றச் சேவல்களுக்குப் போட்டி போட்டுக் கேட்டவர்கள் இதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். அம்மா மட்டும் ஆலயத்து மணிக்கூண்டைப் பார்த்தபடி, யாருக்கோ மணி சொல்வதுபோல ஒரு சின்னத் தொகையைச் சொன்னாள். அப்படித்தான் கேட்க வேண்டும் என்பது மாமா எங்களுக்கு ரகசியமாகச் சொல்லிவைத்த வித்தை. வேண்டிய பொருளைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் ஆசை வந்துவிடும், விலை ஏறிவிடும். சேவல் எங்களுக்கே வந்தது. வீட்டில் கயிற்றை அவிழ்த்ததும் அது ஒழுங்காக நடந்தது, ஓடியது, பக்கத்து வீட்டு மதிலில் ஏறி நின்றுகொண்டு எங்களைக் கூப்பிட்டது. அம்மா அன்று சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அந்த வருஷம் அவள் அதிகம் சிரிக்கவில்லை.

அப்பா வீட்டை விட்டுப் போயிருந்தார். ஊரின் மறுபக்கம், அடுகோடியில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு, அங்கிருந்தே ஒர்க் ஷாப்புக்குப் போய்வந்தார். ஏன் போனார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு பேரும் என் எதிரில் சண்டை போட்டதே இல்லை. சமையலறைக்குப் போய்த்தான் போடுவார்கள். எங்கள் வீட்டுச் சமையலறைக்குக் கதவு கிடையாது.

பிறகு ஒருநாள், பையனைத் தன்னிடம் கொடுக்க வேண்டும் என்று அப்பா கோர்ட்டுக்குப் போயிருப்பதாகத் தெரிந்தது. வழக்குக்கு முந்தைய நாள் மாமா வந்து அம்மாவை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். நான் பக்கத்தில் தோசை தின்றுகொண்டிருந்தேன்.

"நேரத்துக்குப் போயிடும்மா. அங்க மூணு வாட்டி கூப்பிடுவாங்க. மூணாவது வாட்டிக்குள்ள நாம குரல் குடுக்கலன்னா, பையன் அந்தப் பக்கம் போயிடுவான். அவ்ளோதான்."

அம்மா தலையாட்டினாள். அவளுக்குப் புரிந்தது. எனக்கு அவளைவிட நன்றாகப் புரிந்தது. மூன்று தரம், குரல் கொடுப்பது, அந்தப் பக்கம் போவது. சொல்கிறவரோ ஏலத்தில் கைதேர்ந்தவர். இதற்கு மேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பாதித் தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அன்று படுக்கையில் என்னை நானே மதிப்புப் போட்டுப் பார்த்தேன். நிலைமை மோசமாக இருந்தது. கை கால் எல்லாம் நன்றாக இருந்தன. வகுப்பில் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவன். ஞாயிறு பள்ளியில் பாட்டுப் பரிசு வேறு வாங்கித் தொலைத்திருந்தேன். இப்படிப்பட்ட சரக்கு கட்டாயம் நல்ல விலைக்குப் போகும். அப்பாவிடம் ஸ்கூட்டர் இருந்தது. அத்தை வீட்டில் கலர் டிவி இருந்தது. நர்சரி டீச்சரான என் அம்மாவிடம் ஒரு குடை இருந்தது. அப்பாவைப் பிடிக்காதவன் அல்ல நான். ஆனால் அத்தை வீட்டில் எனக்கு யார் தலை துவட்டிவிடுவார்கள் என்று நினைத்ததும் போர்வைக்குள் அழுகை வந்தது. அழுதுகொண்டே இருந்தவனுக்குச் சேவல் ஞாபகம் வந்தது.

நொண்டினால் மலிவு. மலிவானால் அம்மா.

நொண்டுவதற்கு எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. அப்பா வீட்டிலிருந்த காலத்தில் காலையில் பிரெட் வாங்க என்னை நடத்திக் கூட்டிப்போவார். லீவு வாங்குவதற்காகத் தன் மேனேஜர் முன்னால் நொண்டிய கதையை வழியெல்லாம் நடித்துக் காட்டுவார். இடது பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, தரையில் லேசாக இழுத்து, நடுநடுவே உதட்டைக் கடித்து, 'பரவால்ல சார்' என்று முனக வேண்டும். அந்த முனகல்தான் முக்கியம் என்பார். அம்மாவிடம் சொல்லிவிடாதே, ஜெபத்தில் சேர்த்துவிடுவாள் என்று கண்ணடிப்பார். நான் சொன்னதில்லை.

மறுநாள் கோர்ட்டு வராந்தாவில் எனக்கு மிச்சமிருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. வெள்ளை உடுப்பும் தோளில் சிவப்பு டவாலிப் பட்டையுமாக ஒருவர் கதவருகே நின்று, யார் யாரோ பெயரை இழுத்து இழுத்துக் கூவினார். ஒருமுறை. இன்னொருமுறை. மூன்றாவது முறைக்குள் யாராவது கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாமாவின் குரலுக்கு இவ்வளவு கம்பீரம் கிடையாது. பெரிய இடத்து ஏலம் என்று தெரிந்துகொண்டேன். சட்டையில் ஒரு பட்டனைக் கழற்றிவிட்டேன், அம்மா படிய வாரியிருந்த தலையைக் கலைத்தேன், இடது பாதத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கால்ல என்னடா? காலைல நல்லாத்தானே இருந்த?" என்று அம்மா பதறிப்போய்க் குனிந்தாள்.

நான் காலை இழுத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தேன். மணிக்கூண்டு இல்லாத இடத்தில் வேறு எதைப் பார்ப்பது?

முதலில் என்னை மட்டும் ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போனார்கள். பிள்ளைகளிடம் பேசுவதற்கென்றே இருந்த ஓர் அக்கா அங்கே இருந்தார். கண்ணியமான முகம், தமிழ் நன்றாகப் பேசினார். பக்கத்தில் பொம்மைகள் இருந்தன. ஒரு பஸ்ஸுக்குச் சக்கரம் இல்லை. அதை யாராவது மலிவாகக் கேட்டுக்கொண்டு போயிருக்கலாமே என்று நினைத்தேன். காலில் என்ன என்று அக்கா கேட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு, பரவாயில்லை என்றேன். வீட்டில் வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்று கேட்டார். நன்றாக ஊட்டி வளர்த்த சரக்கு என்று தெரிந்தால் விலை ஏறாதா? சில நாள் கிடைக்கும் என்றேன். அம்மா பாடம் சொல்லித்தருவாளா? எனக்குப் பாடம் ஏறாது என்றேன். கடைசியாக அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"அம்மாகூட இருக்க ஆசையா, கண்ணு?"

மாமாவின் வித்தைக்கு இதைவிடப் பெரிய பரீட்சை வருமா? சக்கரமில்லாத பஸ்ஸைப் பார்த்தபடி தோளைக் குலுக்கி, "எங்க இருந்தா என்ன" என்றேன்.

அந்த அக்கா என் கலைந்த தலையைத் தடவிக்கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. விலை சரசரவென்று இறங்குகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

வெளியே வந்தபோது அப்பாவின் வக்கீல் வராந்தா ஓரத்தில் அவரிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். என் காலைக் காட்டி, உள்ளே போய் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், பையன் தானாக நம் பக்கம் வருகிறான் என்றார். அப்பா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். டவாலிக்காரர் அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துக் கூவினார். இரண்டாம் முறை கூவுவதற்கு முன்பே அம்மா கதவருகே நின்றாள்.

உள்ளே மரத்தடி இல்லை, மைக் இல்லை. ஒரு மேசை, அதற்குப் பின்னால் கண்ணாடி போட்ட நீதிபதி. எல்லாம் கன்னடத்தில் நடந்தது. காக்ஸ் டவுன் பையனுக்குக் கன்னடம் பெரிய விஷயமில்லை. அந்த அக்கா, பிள்ளைக்குச் சில நாள்தான் சாப்பாடு கிடைக்கிறதாம், சரியாகக் கவனிக்கப்படவில்லை போலத் தெரிகிறது, தாயிடம் ஒட்டுதலும் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். காலில் எத்தனை நாளாக அடி என்று நீதிபதி அம்மாவைக் கேட்டார். காலையில் நன்றாகத்தான் இருந்தான் என்றாள் அம்மா. நீதிபதி கொஞ்சம் யோசித்துவிட்டு, இப்போதைக்குப் பையன் அப்பாவோடு போகட்டும், டாக்டரிடம் காட்டட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றார். இது முதல் தரம்தான், இன்னும் இரண்டு தரம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அம்மா குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளே வந்ததிலிருந்து நான் அவளைப் பார்க்கவில்லை, குடையை மட்டும்தான் பார்த்தேன்.

"டேய், அந்தச் சுவர் வரைக்கும் நட," என்றார் அப்பா.

நடந்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சிறப்பாக நான் நொண்டியதில்லை. பாதம் வெளிப்பக்கம், லேசான இழுப்பு, உதட்டுக்கடி. திரும்பும்போது 'பரவால்ல சார்' என்று நீதிபதியைப் பார்த்து முனகவும் செய்தேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் எங்கோ நின்றுபோயிற்று. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வக்கீல் சொன்னதை மீறி, கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். அவர் சொன்னது தமிழில் இப்படி இருக்கும்:

"இது என் நொண்டல், ஸ்வாமி. லீவுக்காக மேனேஜர் எதிர்ல நான் நொண்டுவேன், அத இவனுக்கு நடிச்சுக் காட்டியிருக்கேன். பையன் கால்ல ஒண்ணும் இல்ல. சாப்பாடு இல்லன்னு சொன்னதும் பொய். இவ பட்டினி கெடப்பா, அவனப் பட்டினி போடமாட்டா."

இதென்ன அநியாயம்? பூசணிக்காயைத் தட்டி 'உள்ளே தேன்' என்பது ஏலம் போடுகிறவர் வேலை. வாங்க வந்தவரே எழுந்து நின்று, சரக்கு முதல் தரம், கால் சரியாக இருக்கிறது, நன்றாகத் தின்று வளர்ந்தது என்று விலையை ஏற்றுவாரா? காசு நிறைய இருக்கிற திமிர் என்று நினைத்தேன். வித்தையெல்லாம் மறந்து அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவளால் இந்த விலைக்கு வர முடியாது என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. இரண்டு காலாலும் ஒழுங்காக ஓடி, நீதிபதியின் மேசையைப் பிடித்துக்கொண்டு, கன்னடம் மறந்து தமிழிலேயே கத்தினேன்.

"எங்கம்மாகிட்ட அவ்ளோ காசு இல்ல. கொஞ்சம் கொறச்சுக்கங்க."

அறையில் ஒருவருக்கும் எதுவும் புரியவில்லை. அந்த அக்காதான் குழம்பிப்போய், நான் சொன்னதை நீதிபதிக்குக் கன்னடத்தில் சொன்னார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி என் காலைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார், பிள்ளையைத் தாயிடம் விட உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். அப்பா தலையாட்டினார். பையன் அம்மாவிடமே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து கூட்டிப்போகட்டும் என்றார் நீதிபதி.

நான் பேரம் பேசியதில் விலை குறைந்துவிட்டது என்பதுதான் என் கணக்கு. அந்தப் பெருமையோடு பல வருஷம் திரிந்தேன். வாசலில் அப்பா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு எங்களோடு கேட் வரை நடந்து வந்தார். ஆட்டோ நிறுத்தி, டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னார். அம்மா என்னை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். அப்பா எனக்குக் கையசைத்தார். விலையை ஏற்றிவிட்ட ஆளுக்கு என்ன டாட்டா என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வக்கீல் சொன்னபடி அப்பா அன்று பேசாமல் நின்றிருந்தால் நான் அவரோடு ஸ்கூட்டரில் போயிருப்பேன். அவர் பேசினார். நானும் அம்மாவும் காக்ஸ் டவுனுக்குப் போனோம். அவர் தனியாக அடுகோடிக்குப் போனார்.