முன்பக்கம் மகாராணி

விளம்பரப் படம் எடுக்கும் அந்தக் கூடத்தில் அவளை எல்லோரும் 'ஊக்கு அக்கா' என்றே அழைத்தார்கள். கடையிலிருந்து வரும் உடைகள் எந்த உடம்புக்கும் அளவாக இருப்பதில்லை. தொளதொளக்கும் துணியை முதுகுப்புறம் இழுத்து, ஊக்கும் கிளிப்பும் மாட்டி, கேமராவுக்குச் சிக்கென்று காட்டுவது அவள் தொழில். "முன்பக்கம் மகாராணி, பின்பக்கம் முள்ளம்பன்றி" என்று தன் வேலையைத் தானே கேலி செய்வாள்.

ஆண்களிடம் அவளுக்கு அதிக வேலை இல்லை. அவர்கள் படத்தில் நடப்பார்கள், கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு எங்கோ பார்ப்பார்கள். சட்டை தளர்வாக இருந்தாக வேண்டும். பெண்கள் அமர்வார்கள், கிடப்பார்கள், அண்ணாந்து பார்ப்பார்கள். அவர்களை மூச்சு முட்ட இறுக்கினாலும் கேட்பாரில்லை. ஆகவே ஒவ்வொரு பெண்ணின் காதிலும் ஒன்று சொல்லிவைப்பாள்: தாங்க முடியாவிட்டால் கட்டைவிரலை மடக்கு, நான் வந்து தளர்த்துகிறேன்.

அன்று வரவேண்டிய பெண் வரவில்லை. அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தங்கையைப் புகைப்படக்காரர் பார்த்துவிட்டு, அவளையே நிற்கச் சொன்னார். தங்கைக்குச் சிறுவயது முதலே மூச்சிளைப்பு உண்டு.  அக்கா வேண்டாம் என்று தடுத்தாள்.

"ஒரு படம்தானேக்கா. என்னைக் கடிச்சா தின்னுடப் போறாங்க?" என்று சிரித்துக்கொண்டே தங்கை உடை மாற்றப் போனாள்.

அங்கியை முதுகில் இறுக்கி மாட்டும்போது, தங்கையின் காதிலும் கட்டைவிரல் அடையாளத்தைச் சொல்லிவைத்தாள் அக்கா. விற்க வேண்டியது பெண்ணின் நீள அங்கி. ஆனால் படத்தில் நிற்பவன் ஆண், அவள் தரையில். துணி சுருங்காதிருக்க அதன் விளிம்பை அவன் காலணியால் மிதித்துக்கொள்ள வேண்டும். அவளுடைய கைகள் இடைஞ்சலாகத் தெரிகின்றன என்றார் புகைப்படக்காரர். பழக்கதோஷத்தில் ஊக்கு அக்கா தங்கையின் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், அங்கியின் கைகளை ஒன்றோடொன்று சேர்த்து ஊக்கு மாட்டினாள். கேமரா அருகே வந்து நின்ற பிறகுதான் உறைத்தது: இங்கிருந்து கட்டைவிரல் தெரியாது.

அதற்குள் விளக்குகள் மின்னல்போல் வெட்டின. தங்கையின் கண்கள் மெல்ல விரிந்தன, உதடு பிரிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது.

"இதுதான் வேணும்," என்றார் புகைப்படக்காரர். "இந்தப் பயம் நடிச்சா வராது. அசையாதம்மா."

மிதித்து நின்றவன் குனிந்து பார்க்கவில்லை. எங்கோ பார்க்கும்படி அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். நடிக்கிறாளோ என்று அக்காவும் ஒரு கணம் மயங்கினாள். மறுகணம் வெளிச்சத்துக்குள் பாய்ந்தாள்.

"காலை எடுங்க தம்பி."

அவன் விழிப்பதற்குள் அவளே துணியை இழுத்தாள். விளிம்பு கிழிந்தது, ஊக்கு அவள் உள்ளங்கையைக் கீறியது. முதுகு திறந்ததும் தங்கை இரைச்சலோடு மூச்சை இழுத்தாள். மூச்சு சீரானதும் அக்காவைப் பார்த்தாள்.

"மடக்கி மடக்கிப் பாத்தேன்க்கா. நீ பாத்துக்கிட்டே நின்ன."

வேலை போய்விடும் என்று அக்கா அஞ்சினாள், போகவில்லை. படம் கடைக்காரருக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். சில வாரங்களில் பேருந்து நிறுத்தத்துக்கு மேலே, ஒரு வீட்டின் உயரத்துக்கு அந்த முகம் எழுந்தது. ஓரத்தில் நுழைந்திருந்த அக்காவின் கையை மட்டும் அழித்துவிட்டிருந்தார்கள். கீழே நின்ற இரண்டு பெண்கள் அங்கியின் நிறத்தை மெச்சிக்கொண்டிருந்தார்கள். தங்கை அந்தத் தெருவில் நடப்பதையே விட்டாள்.

ஊக்கு அக்கா அதன்பின் எவர் கையையும் பின்னால் சேர்த்து மாட்டவில்லை. மாட்டச் சொன்னால், ஊக்கு தீர்ந்துபோயிற்று என்பாள். அவள் இடுப்புப் பட்டியில் அவை வரிசையாக மின்னிக்கொண்டிருக்கும்.