ரக்சௌல் ரயிலில் ஒரு சாட்சி

என் கணவர் ஒரு தடவைகூட என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. இதற்காக அவரைப் புகழ்பவர்கள் தில்லி ஆர்.கே.புரத்தில் நிறையப் பேர் உண்டு. எங்கள் குவார்ட்டர்ஸின் மேல்வீட்டு பஞ்சாபிப் பெண்மணி தன் கணவரிடம், "கீழ்வீட்டு மதராசி பாபுவைப் பார்த்துக் கற்றுக்கொள், பெண்டாட்டியிடம் எப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார்" என்று சொல்வாராம். அதை என்னிடமே வந்து சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது?

தில்லித் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. பஸ்ஸில், மெட்ரோவில், சரோஜினி நகர் கடைத்தெருவில், எதிரே நிற்கிற ஆளைப் பற்றியே தமிழில் பேசிக்கொள்ளலாம். கடைக்காரன் சொல்லும் விலை கொள்ளை, முன்னால் நிற்பவள் பூசியிருப்பது பவுடரா சுண்ணாம்பா, எதை வேண்டுமானாலும் பேசலாம், யாருக்கும் புரியாது. எல்லாத் தமிழ்க் குடும்பங்களும் செய்வதுதான். என் கணவர் அந்த வசதியை என்மேல் பயன்படுத்தினார். கூட்டத்துக்கு நடுவே, முகம் நிறையச் சிரிப்போடு, காப்பி வேணுமா என்று கேட்கிற குரலில், "நீ செத்தா அழறதுக்கு எனக்கு வெங்காயம்தான் வேணும்" என்பார். பக்கத்தில் நிற்பவர்கள் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்வார்கள். நான் அழுதால் எனக்குப் பைத்தியம். பதில் சொன்னாலோ என்னுடையது மதுரைத் தொண்டை, தானாக உயர்ந்துவிடும். அப்புறம் நான்தான் சண்டைக்காரி.

வீட்டில் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். டிவி பார்ப்பார், செய்தித்தாளை மடித்து வைப்பார். அவருக்கு ஆட்கள் வேண்டும், புரியாத ஆட்கள். மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போகிற நாள்தான் எனக்கு விடுமுறை. அங்கே படிக்கொரு தமிழர் இருப்பார் என்பதால், "பாத்து வாம்மா" என்று கையைப் பிடித்துக்கூட ஏற்றிவிடுவார். முருகனைவிட அவன் பக்தர்களுக்குத்தான் நான் அதிகம் நன்றி சொல்லியிருக்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகிக் குர்கானில் இருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் சாதம், ரசம், தூங்கு, எழுந்திரு என்பதோடு சரி. அப்பாவும் பெண்ணும் பேசுவது இந்தியிலும் இங்கிலீஷிலும்தான். போன வருடம் அவருக்கு ரிட்டயர்மெண்ட் நெருங்கியது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கிரேட்டர் நொய்டாவைத் தாண்டி, பாதி ஆள் இல்லாத ஒரு கட்டடத்தில் பதினான்காம் மாடியில் ஃபிளாட் பார்த்துவிட்டு வந்தார். அந்த உயரத்தில் அவரோடு தனியாக இருக்க என்னால் முடியாது. நான் மகளிடம் போய், உன்னோடு வந்து இருக்கிறேன், ஒரு மூலை கொடு என்று கேட்டேன்.

"ஏன் மா? பாப்பா உங்கள ஒரு வார்த்தை சொன்னது இல்லையே" என்றாள் இந்தியில். அப்பாவை அவள் இந்திக்காரர்கள் மாதிரி பாப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

சொன்னார் என்றேன். எப்போது, எங்கே என்று கேட்டாள். போனில் பதிவு செய்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். செய்தேன். மெட்ரோவில், புடவைத் தலைப்புக்குள் போனை மறைத்து வைத்துப் பதிவு செய்து அவளுக்குப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். "மா, பாப்பா சிரிக்கிறாரே! இதுல என்ன ப்ராப்ளம்?" என்றாள். வரிக்கு வரி இந்தியில் சொன்னேன். என் அரைகுறை இந்தியில் அது நானே இட்டுக்கட்டிச் சொல்வது மாதிரி எனக்கே கேட்டது. அப்பா இப்படியெல்லாம் பேசுவாரா என்று அவள் முகம் சுருங்கியது. சுருங்கியது என்மேல்.

கடைசியில் அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். அவளும் அவள் கணவனும் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். "நீங்க ரெண்டு பேரும் தனியா எங்கயுமே போனது இல்ல. நேபாள் போயிட்டு வாங்க. திரும்பி வந்தும் நீங்க இதையே சொன்னா, நான் யோசிக்கிறேன்" என்றாள். ஆனந்த் விஹார் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் இரவெல்லாம் ஓடி மறுநாள் பீகார் எல்லையில் ரக்சௌல். அங்கிருந்து குதிரை வண்டியில் ஒரு பாலத்தைத் தாண்டினால் நேபாளம். பிறகு ஜீப் பிடித்துச் சித்வன் காடு. பேக்பேக்கிங் என்றால் ஏ.சி. கூடாதாம், ஸ்லீப்பரில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். ஆளுக்கொரு பெரிய முதுகுப்பையும் வாங்கிக் கொடுத்தாள். என்னுடையது ஆரஞ்சு நிறம்.

பிளாட்பாரத்திலேயே ஆரம்பித்துவிட்டார். நான் பையை முதுகில் ஏற்ற முடியாமல் தடுமாறியபோது, பின்னால் நின்று வாரைச் சரிசெய்துகொண்டே, புது மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே, "பொதி சுமக்கறதுக்குன்னே பொறந்த முதுகு. வயசான கழுதைய இவ்வளவு கிட்டத்துல இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். அருகில் இருந்த காலேஜ் பெண்கள் இரண்டு பேர் எங்களைப் போட்டோ எடுக்கலாமா என்று கேட்டார்கள். எடுத்தார்கள். அந்தப் படத்தை அவர்களிடம் வாங்கி, என் கணவர் மகளுக்கும் அனுப்பி வைத்தார். இதயம் இதயமாகப் பதில் வந்தது.

எதிர் இருக்கையில் நேபாளப் பெண் ஒருத்தி இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நொய்டாவில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்கிறாளாம், எல்லை தாண்டியதும் வருகிற பிர்கஞ்சுக்கு அந்தப் பக்கம் ஊர். இதையெல்லாம் என் கணவர்தான் இந்தியில் இனிக்க இனிக்க விசாரித்துத் தெரிந்துகொண்டார். காசியாபாத் தாண்டியதும் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். உடனே அவர் என் பக்கம் திரும்பி, அதே இனிப்போடு தமிழில், "அந்த ஓரமாப் போய் உக்காரேன். உன் வேர்வ நாத்தத்துல அந்தப் பொம்பள எப்படிச் சோறு திம்பா?" என்றார். நான் எழுந்தேன்.

அவள் தலை நிமிராமல், என்னை அக்கா முறை வைத்து, "பரவாயில்லை தீதீ, உட்காருங்கள்" என்றாள் இந்தியில்.

மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் போனைப் பார்க்கப் போய்விட்டார். நான் ஏன் எழுந்தேன் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் கழித்து அவர் கை கழுவப் போனபோது, மெதுவாக, "தமிழ் தெரியுமா?" என்றேன்.

"திருப்பூர்ல பனியன் கம்பெனில இருந்தேன் அக்கா. ஆறு வருஷம்" என்றாள் தமிழில்.

அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், மகள் பிறந்தபோதுகூட ஏற்பட்டதா என்று தெரியவில்லை. எனக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டாள். "அவருகிட்ட சொல்லாதீங்க" என்றேன். தலையை ஆட்டினாள்.

அதன்பிறகு நான் செய்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. அவரைக் கிளறிவிட்டேன். வழக்கமாக வாயை மூடிக்கொண்டு இருப்பவள், அந்த ரயிலில் கேள்விமேல் கேள்வி கேட்டேன். அவரும் உற்சாகமாகிவிட்டார். சுற்றிலும் பீகார்க்காரர்கள், நேபாளிகள். இதைவிடப் பாதுகாப்பான கூட்டம் அவருக்கு எங்கே கிடைக்கும்?

"நான் பொண்ணு வீட்டுல இருந்துக்கட்டுமா?" என்றேன் மறுநாள் காலையில், டீ குடிக்கும்போது.

"உன்னை எவ சேத்துப்பா? நாய்க்குச் சோறு போட்டா வாலையாவது ஆட்டும். நீ வாசல்ல நின்னா அவ மாமியார் பினாயில் ஊத்திக் கழுவுவா" என்றார். சொல்லிக்கொண்டே என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

"அப்ப ஃபிளாட்டுக்கே வரட்டுமா?"

"வா, வா. பதினாலாவது மாடி. பால்கனி இருக்கு. வேணுங்கறப்ப குதிச்சுக்கலாம், லிஃப்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்."

எதிரே அந்த நேபாளப் பெண் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். பாவம், என்னை நினைத்து வருந்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கேளடி பெண்ணே, இன்னும் கேள், ஒன்றையும் விட்டுவிடாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன். மனிதர் ஓயவே இல்லை. என் அப்பா, என் நிறம், என் பல், என் சமையல், நான் குறட்டை விடுவது, எதுவும் பாக்கி இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பேசப் பேச எனக்கு வலிக்கவில்லை. மொட்டைக் கத்தியால் குத்திக்கொண்டு இருக்கிறாய், குத்து, நன்றாகக் குத்து என்றிருந்தது.

ரக்சௌலில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. பாலம் தாண்டினால் நம்முடைய சிம் வேலை செய்யாது, அதற்கு முன்னாலேயே போன் பண்ணிவிடு என்று மகள் சொல்லியிருந்தாள். அவர் குதிரை வண்டி பேசப் போனார். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு ஒரு உதவி பண்ணும்மா. வர்ற வழியில அவரு பேசுனதெல்லாம் கேட்டீல்ல?"

"கேட்டேன் அக்கா. எல்லாம் கேட்டேன்."

"என் பொண்ணுகிட்ட சொல்லு. இந்தியில சொல்லு. கேட்டதை அப்படியே சொன்னாப் போதும்."

சரி என்றாள். யோசிக்கக்கூட இல்லை. நான் மகளைக் கூப்பிட்டு, எங்களோடு ரயிலில் வந்தவர், தமிழ் தெரிந்தவர், அவர் சொல்வதைக் கேள் என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன்.

அவள் நல்ல, தெளிவான இந்தியில் பேசினாள். "மகளே, உன் அப்பா ரொம்ப நல்ல மனிதர். வழி முழுக்க அம்மாவோடு பேசிக்கொண்டே வந்தார். முகத்திலிருந்து சிரிப்பு போகவே இல்லை. என் புருஷன் போனில்கூட என்னோடு இரண்டு வார்த்தை பேசமாட்டான். உன் அம்மா கொடுத்து வைத்தவர்."

"கேட்டீங்களா மா?" என்றாள் மகள். "தமிழ் தெரிஞ்ச ஆளே சொல்லிட்டாங்க. இனிமே இந்தப் பேச்சு வேண்டாம். பாப்பாகூட ஃபிளாட்டுக்குப் போங்க. நான் பக்கத்துல தானே இருக்கேன்." சந்தோஷமாக வைத்துவிட்டாள்.

"உனக்குத் தமிழ் புரியும்தானே? நாயி, கழுதை, குதிச்சுச் சாவுன்னாரே, அதெல்லாம் புரியலையா?" என்று கத்தினேன்.

அவள் பயந்துபோனாள். "புரிஞ்சுதே அக்கா. தமிழ்ல அப்படித்தானே பேசுவாங்க? கம்பெனில சூப்பர்வைசர் எங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்புடுவாரு. நாயேம்பாரு, செத்துப் போம்பாரு. நான் தமிழ் கத்துக்கிட்டதே அவருகிட்டதான். ஆனா அவரு சிரிக்க மாட்டாரு அக்கா. சார் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு."

அதற்குள் வண்டியோடு அவர் வந்துவிட்டார். அவள் என் கோபத்தைச் சமாதானப்படுத்த நினைத்தாளோ என்னவோ, அவரைப் பார்த்துத் தமிழில், "சார், நானும் அந்தப் பக்கம்தான், உங்க வண்டில வரலாமா?" என்றாள்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ரத்தம் சுண்டிவிட்டது. சிரிப்பு அப்படியே இருந்தது, பின்னால் ஆள் இல்லை. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எத்தனையோ வருடங்களாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. முழுதாகப் பார்த்து முடிப்பதற்குள் அவள் கெடுத்தாள். "சார் தமிழ் ரொம்ப நல்லாப் பேசுறீங்க. எவ்வளவு நாளாச்சு இந்த மாதிரி கேட்டு!" என்றாள். முகத்துக்குள் ஆள் திரும்பி வந்துவிட்டார்.

வண்டியில் நாங்கள் மூவரும் ஏறினோம். அவர் இப்போது மெல்லப் பேசவில்லை. புரிகிற ஆள் முன்னாலேயே சொல்லலாம் என்று கண்டுகொண்டவரின் சந்தோஷம் குரலில் தெரிந்தது. பாலத்தின் நடுவில் வந்தபோது, கீழே கறுப்பாக ஓடிய ஆற்றைக் காட்டி என்னிடம், "இதுல உன்னைத் தள்ளிவிட்டா மீன்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும்" என்றார். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

வண்டிக்காரர் திரும்பி, என்ன தமாஷ், எங்களுக்கும் சொல்லுங்களேன் என்றார். அவள் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் வருடக்கணக்காக மொழிபெயர்க்கத் தெரியாமல் திண்டாடிய அந்தக் குரலை அப்படியே இந்தியில் எடுத்து வைத்தாள்.

வண்டிக்காரர் சிரிக்கவில்லை. என் கணவரைப் பார்த்தார். கடிவாளத்தை இழுத்துக் குதிரையை நிறுத்தினார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் என்னைக் கேட்டார்: "தீதீ, இறங்கிக்கொள்கிறீர்களா?"

போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. இருந்தாலும்தான் யாரைக் கூப்பிடுவது? நான் இறங்கிப் போகக்கூடிய ஒரே வீட்டின் கதவை, சற்றுமுன் நானே ஆள் பிடித்துச் சாத்தவைத்திருந்தேன். வண்டிக்காரர் பதிலுக்காகக் காத்திருந்தார். இறங்க வேண்டுமா என்று யாரும் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வேண்டாம் தம்பி" என்றேன். "ஓட்டுங்க."