ரோபோவுக்குத் தெளித்த மஞ்சள் தண்ணீர்

நான் எழுதும் விஞ்ஞானக் கதைகளில் ரோபோ உள்ளே வந்ததும் தன் ஊர், பேர், பெருமை எல்லாவற்றையும் அரைப் பக்கத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். இது எந்த வெளிநாட்டுப் பாணி என்று வாசகர்கள் கேட்கிறார்கள். மரக்காணம் பாணி. சொன்னால் மதிப்புக் குறையும் என்பதால் சிரித்து மழுப்பிவிடுவேன்.

எங்கள் ஊரில் நாடகம் என்றால் கூத்துதான். கூத்தில் ராஜா திரைக்குப் பின்னால் நின்று, தான் இன்னார் என்று பாடி ஆடிய பிறகே முகம் காட்டுவார். ஆகவே ஏழாம் வகுப்பில் அறிவியல் வாத்தியார் தானே எழுதிய நாடகத்தில் எனக்கு எந்திர மனிதன் வேஷம் கொடுத்தபோது, இரண்டு பையன்களைப் போர்வை பிடிக்கச் சொல்லிப் பின்னால் நின்று குதித்தேன்.

"டேய், ரோபோ ஆடாதுடா!"

"நான் யாருன்னு சனங்களுக்கு எப்பிடி சார் தெரியும்?"

வாத்தியார் யோசித்தார். "நெஞ்சுல எழுதி ஒட்டிக்கோ."

எஜமானைக் காப்பாற்றத் தன் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எந்திர மனிதன் செத்துப்போவான். அதுதான் முடிவு. "செத்தா செத்ததுதான். மூக்குல ஈ உக்காந்தாலும் அசையக் கூடாது" என்பது உத்தரவு. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான போட்டி அது. ஜெயித்தால் பஸ்ஸில் சென்னைக் கோளரங்கம். கோளரங்கம் என்னவென்று தெரியாது, பஸ் தெரியும். எந்த ஜன்னல் என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

போட்டியன்று அம்மா உப்பளத்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, தெருப் பெண்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். கையில் சொம்பு. தாகத்துக்கு என்று நினைத்தேன். பேட்டரியைக் கழற்றினேன், விழுந்தேன், செத்தேன். கைதட்டல். திரை பாதியில் சிக்கிக்கொண்டது.

திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளம் என்று ஒன்று உண்டு. போரில் மாண்டவர்களாகக் களத்தில் படுத்திருப்பவர்களை மஞ்சள் தண்ணீர் தெளித்து எழுப்பிய பிறகுதான் வீட்டுக்குள் விடுவார்கள். தூசியைத் தட்டிக்கொண்டு தானாக எழுந்து வருவது எங்கள் பக்கத்தில் கிடையாது. நாடகத்தில் சாகப்போவதை நான்தான் வீட்டில் பெருமையாகச் சொல்லித் தொலைத்திருந்தேன்.

அம்மா மேடையேறிவிட்டாள்.

"ஏம்மா, அது மெஷின்மா!" என்று வாத்தியார் ஓடிவந்தார்.

"இருக்கட்டும் சார். உள்ள எம் புள்ள இருக்குது."

வேப்பிலையால் தண்ணீர் என் மேல் விழுந்தது. "எழுந்திரு கண்ணு." பக்கத்திலிருந்து வாத்தியார் குரல்: "அசையாதடா!" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் ரோபோ என்றால் இது யாருடைய அம்மா? நான் மகன் என்றால் செத்தது யார்? எழுந்தால் பஸ் போய்விடும். எழாவிட்டால் அம்மா இறங்கமாட்டாள். அதற்குள் உடம்பில் மாட்டியிருந்த அட்டைப்பெட்டி ஊறி, நெஞ்சில் ஒட்டிய 'ரோபோ' கழன்று விழுந்தது. எழுந்துவிட்டேன். முன்வரிசை குலவையிட்டது.

"இது கதையிலயே இருக்குதா சார்?" என்று நடுவர் ஒருவர் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அவர் அறிவியல் வாத்தியாராயிற்றே. "இல்லீங்க" என்றார். ரத்த ஓட்டத்தைப் பற்றிய கூனிமேட்டுப் பள்ளி நாடகம் பஸ் ஏறியது. அதில் சிவப்பு ஜிப்பா போட்டவர்கள் வட்டமாக ஓடியதைத் தவிர ஒன்றுமில்லை.

உப்பளக் கரையில் அழுதுகொண்டே நடந்தேன்.

"நாடகம்தானேம்மா?"

"நாடகம்தான். இல்லன்னு யாரு சொன்னா?"

"தண்ணி தெளிக்கலன்னா இன்னா ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காது."

சொல்லிவிட்டு நின்றாள். முந்தானையால் என் முகத்தின் வெள்ளிப் பூச்சைத் துடைத்தாள். முழுதும் போய்க் கன்னம் எரிய ஆரம்பித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"போயிடுச்சும்மா" என்றேன்.

"இரு" என்றாள்.

அம்மாவுக்குக் கண்பார்வை சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.