நிற்காமல் எழுதிய பேனா

பேனா எழுதவில்லை என்றால் அதைத் தரையில் போட்டு மிதிக்கிற ஆளாகத்தான் நான் இருந்தேன். இரண்டாயிரத்து ஏழில், கடலூரை அடுத்த குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே நாலு பேனாவை மிதித்திருக்கிறேன். படித்த பையனுக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று அங்கே பேச்சு. ஆகாதுதான். ஆனால் பேசியவர்களில் ஒருவரும் மேல்தளத்தில் ஏறி நின்று பார்த்ததில்லை.

அண்ணாமலை நகரில் கெமிஸ்ட்ரி படித்து முடித்து, சிதம்பரத்தில் அப்பா வீட்டில் ஒரு வருஷம் வெட்டியாக உட்கார்ந்திருந்து, பிறகு கிடைத்த வேலை அது. செம்மண்டலத்தில் மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். கம்பெனி பஸ் குடிகாட்டை நெருங்கும்போது எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். மூக்கைப் பொத்தமாட்டார்கள், ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். சாத்திவிட்டு, கிரிக்கெட்டோ கல்யாணமோ, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். முதல் நாள் அந்த நாற்றத்துக்கு நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மூன்றாவது வாரம் நானும் பேசிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினேன்.

என் வேலை எழுதுவது. எங்கள் பிளான்ட்டில் ஒரு பெரிய ரியாக்டர் இருந்தது. மூடி போட்ட ராட்சதப் பானை, உள்ளே சரக்கு வெந்துகொண்டே இருக்கும். சூடு அறுபத்திரண்டு டிகிரியில் நிற்க வேண்டும். எண்பதைத் தாண்டினால் உடனே குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். சூட்டைக் காட்டும் முள் மேலே, இருபத்திரண்டு இரும்புப் படி ஏறினால் வரும் தளத்தில், ரியாக்டரின் மூடிக்குப் பக்கத்தில். தண்ணீர் வால்வு கீழே, நான் உட்காரும் கண்ணாடிக் கேபினுக்கு வெளியே. மணிக்கு ஒரு தடவை ஒருவன் மேலே ஏறி முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டும், கீழே இருப்பவன் அதை லாக் ஷீட்டில் எழுத வேண்டும். மோட்டார் இரைச்சலில் வாயால் சொன்னால் கேட்காது. அதனால் விரல்தான். ஆறு விரல், மூடிய கை, பிறகு இரண்டு விரல். அறுபத்திரண்டு.

மேலே ஏறுகிறவன் என் வயதுக்காரன். கடலூருக்குப் பக்கத்தில் கடலோரக் கிராமம், சுனாமி அலை வந்த வருஷம் வரைக்கும் அப்பாவோடு கடலுக்குப் போனவன். அலைக்கப்புறம் அவன் அம்மா இனிமேல் கடலில் இறங்கக் கூடாது என்று அழுது சத்தியம் வாங்கி, யார் யாரையோ பிடித்து அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டாள். "கம்பெனின்னா நாலு செவுத்துக்குள்ள இருப்பான், நான் நிம்மதியா தூங்குவன்" என்று சொன்னாளாம். சேர்ந்த இரண்டாம் நாளே என்னை மச்சான் என்று கூப்பிட்டான். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

விரல் கணக்கோடு இன்னொரு வழக்கத்தைச் சேர்த்தவன் அவன்தான். அவர்கள் ஊரில், கரையிலிருந்து ஒருவன் துண்டை வீசிச் சேதி சொன்னால், படகில் இருக்கிறவன் துடுப்பைத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டும்வரை கரையில் நிற்பவன் இடத்தைவிட்டு நகர மாட்டான். துடுப்பு எழவில்லை என்றால் சேதி போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அதே மாதிரி நான் எண்ணை எழுதிவிட்டுப் பேனாவைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். பார்த்த பிறகுதான் அவன் இறங்குவான்.

"நீ தூக்கலன்னா நான் எறங்க மாட்டேன் மச்சான். அங்கயே நிப்பேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

இப்போது புரிந்திருக்கும், எனக்கு ஏன் அத்தனை கோபம் என்று. மூடியைச் சுற்றி எந்நேரமும் ஆவி கசியும். கண் எரியும், தொண்டை கரகரக்கும். அவன் அந்த ஆவிக்குள் ஆறு விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், கீழே என் பேனா எழுத மாட்டேன் என்கிறது. கம்பெனி ஸ்டோரில் கொடுத்த பேனாக்கள் எல்லாம் தண்டம். கடல் காற்றில் தாள் நமத்துப்போயிருக்கும், கையுறை எண்ணெய் வேறு அதில் பட்டிருக்கும். முனை வழுக்கிக்கொண்டு போகும், மை வராது. உள்ளங்கையில் கிறுக்குவேன். பூட்ஸ் அடியில் தேய்ப்பேன். ரீஃபிலைக் கழற்றி ஊதுவேன். ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து அவனைப் பார்த்து, இரு, இரு என்று கையைக் காட்டுவேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, எனக்கு மறந்திருக்கும் என்று மறுபடி காட்டுவான். ஆறு. இரண்டு.

சும்மா பேனாவைத் தூக்கிக் காட்டிவிட்டு அப்புறம் எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு தடவை அதையும் செய்தேன். இறங்கி வந்தவன் ஷீட்டை எட்டிப் பார்த்தான். கட்டம் காலி. திரும்பி இருபத்திரண்டு படியும் ஏறிப்போய் விரலைக் காட்டினான். அதற்கப்புறம் நான் அவனை ஏமாற்றவில்லை. ரொம்ப நாளைக்கு ஏமாற்றவில்லை.

எங்கள் இன்சார்ஜுக்கு ரியாக்டரைவிட ஷீட் முக்கியம். கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அடித்து எழுதக் கூடாது, பாதி நீலம் பாதி கறுப்பு என்று இருக்கக் கூடாது. "சோதனைக்கு வர்றவன் மேல ஏறிப் பாக்க மாட்டான் தம்பி, பேப்பரத்தான் பாப்பான்" என்பார். அதற்குள் மச்சானுக்கு இருமல் வந்துவிட்டது. வறட்டு இருமல், பஸ்ஸில் அவன் இருமினால் டிரைவர் கண்ணாடியில் திரும்பிப் பார்ப்பார். அவன் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். இந்த இருமலுக்கு என் பேனாதான் காரணம் என்று எனக்குள் ஒரு எண்ணம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கடலூரில் நான் பார்க்காத கடை இல்லை. ஜெல் பேனா வழவழவென்று எழுதியது, வியர்வை பட்டதும் ஆறு எது எட்டு எது என்று தெரியாமல் கலங்கியது. கனமான ஸ்டீல் பேனா ஒன்று நாலு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு ஐந்தாம் நாள் சட்டைப்பையில் கக்கியது. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பேனாவைக்கூடக் கெஞ்சி வாங்கிப் பார்த்தேன். அது கம்பெனிக்குள் நுழைந்ததும் படுத்துவிட்டது.

லீவுக்குச் சிதம்பரம் போனபோதுதான் எனக்கு உறைத்தது. மூன்று மணி நேரம் நிறுத்தாமல் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் எங்கே பேனா வாங்குவார்கள்? அண்ணாமலை நகரில், ஹாஸ்டல் பக்கமாக, நான் படிக்கும்போதே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். எழுதிப் பார்ப்பதற்கென்று கடைக்காரர் கயிற்றில் ஒரு நோட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பக்கம் பக்கமாகப் பிள்ளையார் சுழி, கையெழுத்து, யார் யாருடைய காதலி பெயரெல்லாமோ. நான் பாக்கெட்டில் கொண்டுவந்திருந்த எண்ணெய் பட்ட லாக் ஷீட் துண்டை எடுத்து வைத்து எழுதிப் பார்த்தேன். கடைக்காரர் ஒன்பது பேனா எடுத்துப் போட்டார். எட்டு வழுக்கின. ஒன்பதாவது, நீலத் தண்டு, வெள்ளை மூடி, பார்க்க ஒன்றுமே இல்லாத பேனா. தாள் முழுக்க அறுபத்திரண்டு எழுதினேன். ஒரு இடத்தில்கூட விட்டுப்போகவில்லை.

"என்னா சார், எல்லாம் ஒரே நம்பரா எழுதறீங்க?" என்று கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"வேற நம்பர் வந்தா ஆபத்து" என்றேன்.

அவர் சிரித்தார். "இது நிக்கவே நிக்காது சார். தைரியமா எடுத்துட்டுப் போங்க."

ஒரு டஜன் வாங்கினேன். மறுநாள் மச்சான் விரலை மடக்குவதற்குள் நான் பேனாவைத் தூக்கிவிட்டேன். மேலேயிருந்து அவன் வாயைப் பிளந்து பார்த்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அந்த வாரம் அவன் இருமல் குறைந்தது, அல்லது குறைந்த மாதிரி எனக்குப் பட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் அங்கே இருந்ததே இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு விடத் தெரியவில்லை. எத்தனையோ மாதமாக அறுபத்திரண்டைத் தவிர வேறு எண் வந்ததில்லை. அதிகம் போனால் அறுபத்து மூன்று. அதற்காக ஒரு மனுஷன் மணிக்கொரு தடவை ஏறி நெஞ்சைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டுமா? பழைய பேனாக்களால் ஒரு ஷிஃப்டின் எட்டுக் கட்டத்தையும் ஒரே மூச்சில் எழுதியிருக்க முடியாது, எழுதினாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இளித்திருக்கும். இந்தப் பேனா எட்டையும் அச்சடித்த மாதிரி எழுதியது.

"மச்சான், நீ இனிமே ஏறாத. நான் எழுதிக்கறேன்" என்றேன்.

"ஏறாம எப்புட்றா எழுதுவ?"

"எழுதறது பேனாதான, நீயா எழுதற?"

அவன் மேல்தளத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். "எனக்கு மனசு ஒப்பல. ஷிஃப்டுக்கு ரெண்டுவாட்டியாச்சும் பாத்துக்கறேன்" என்றான். வீட்டில் அவன் மனைவி இருமல் சத்தத்தில் தூங்குவதில்லை என்று நான் ஞாபகப்படுத்தினேன். அதற்குத்தான் அவன் சரி, ஏறவில்லை என்றான். இன்சார்ஜ் ஷீட்டைப் பார்த்துவிட்டு, இப்பதான் ஒழுங்கா எழுதறீங்க என்று எங்கள் இருவரையும் பாராட்டினார்.

அப்படி மூன்று மாதம் ஓடியது. அன்றைக்குப் பகல் இரண்டு மணி ஷிஃப்ட். மணி நாலு ஆகப்போகிறது. மச்சான் கீழே பம்ப்புக்குப் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்து என்னவோ கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேபின் கண்ணாடியைத் தட்டி, "சத்தம் வேற மாதிரி இருக்குடா. ஏறிப் பாத்துட்டு வரேன்" என்றான். நான் ஷீட்டிலிருந்து தலையை எடுக்காமல் உம் கொட்டினேன். நாலு மணிக் கட்டத்தை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. டீ வருவதற்குள் மிச்சத்தையும் முடித்துவிடலாம் என்று ஐந்து மணிக் கட்டத்தில் அறுபத்திரண்டு எழுதினேன். ஆறு மணிக் கட்டத்திலும் எழுதினேன். பேனா அப்படி ஓடியது.

மேலே அவன் நின்றிருக்கிறான். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து ஷெட்டிலிருந்து பார்த்த ஃபிட்டர் ஒருவர் பிறகு சொன்னார். "ரெண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கினே நின்னான்பா. உன்னையே பாத்துக்கினு நின்னான். எறங்கி ஓடியிருக்கலாம், ஏன் எறங்கல?"

ஏன் இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். வால்வு என் பக்கம். சேதி எனக்குப் போய்ச் சேர வேண்டும். பேனா மேலே வரவில்லை. பழைய பேனாவாக இருந்திருந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் மக்கர் பண்ணியிருக்கும், நானும் வழக்கம்போல் நிமிர்ந்து அவனைப் பார்த்திருப்பேன். நான் நிமிர்ந்தது ஆறு மணிக் கட்டத்தை முடித்த பிறகு, மூடியின் ஓரம் பிய்த்துக்கொண்டு கிளம்பிய சத்தத்துக்குத்தான். அப்போது மேல்தளம் முழுக்க வெள்ளையாக இருந்தது. அவன் தெரியவில்லை.

அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு இன்சார்ஜ் கேபினுக்குள் வந்தார். ஷீட்டை எடுத்துப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே முக்கால். ஆறு மணிக் கட்டம்வரை அறுபத்திரண்டு இருந்தது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அதை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புதுத் தாள் ஒன்றை என் முன்னால் போட்டார்.

"நாலு மணி வரைக்கும் எழுது. எல்லாம் அதே நம்பர். சூடு சரியாதான் இருந்துச்சு, அவன் சொல்லாம கொள்ளாம மேல ஏறி எதையோ கைவச்சிட்டான். வெளங்குதா? உனக்கும் அதான் நல்லது."

அந்தப் பேனாவையே எடுத்தேன். இரண்டு மணிக் கட்டத்தில் முனையை வைத்தேன். ஒரு எழுத்தாவது விட்டுப்போகட்டும், மை நின்றுவிடட்டும் என்று மனசுக்குள் கும்பிட்டேன். மூன்று கட்டமும் பளிச்சென்று விழுந்தன.

அவனைக் கடலூரில் ஒரு நாள் வைத்திருந்து, நெஞ்சு உள்ளே வெந்துவிட்டது என்று சிதம்பரம், அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் போனேன். வழியில் அந்த ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "பேனா எழுதுதா சார்?" என்றார். எழுதுது என்றேன்.

வார்டு வாசலில் அவன் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னப் பத்திதான் எந்நேரமும் பேசுவான் தம்பி. சூடு சரியாதான் இருந்துச்சாம், இவன்தான் கவனமில்லாம எதையோ தொட்டுட்டானாம். கம்பெனியில சொல்லிட்டுப் போறாங்க. அப்படியா தம்பி?" நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

அவனுக்குப் பேச முடியாது, வாயில் குழாய். கண் திறந்திருந்தது. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் மெல்லப் போர்வைக்கு மேலே தூக்கினான். ஒன்பது விரல். மூடிய கை. ஒரு விரல். நான் அசையாமல் நின்றேன். அவன் மறுபடி காட்டினான், எனக்கு மறந்திருக்கும் என்று. ஒன்பது. ஒன்று. நர்ஸ் வந்து கையைக் கீழே அழுத்தி வைத்தார். அவர் போனதும் மறுபடி தூக்கினான். கை ஆடிக்கொண்டிருந்தது, இறக்கவில்லை.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். அவன் பார்த்தான். பிறகு கையை இறக்கிக் கண்ணை மூடிக்கொண்டான். மறுநாள் விடியும்போது அவன் இல்லை.

தொண்ணூற்றொன்று எந்த ஷீட்டிலும் இல்லை.